விரல் நுனியில் எத்தனை கிலோ?

ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வந்து சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்தால், சுற்றுக்காவலில் இருக்கும் காவல்துறை அதிகாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இடுப்பு வாரில் கைவிலங்கு, தடி, வாக்கி டாக்கி. அவற்றோடு உறைக்குள் ஒரு கைத்துப்பாக்கி. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தோளோடு தோள் உரசும் கூட்டம் நிற்கும் இடம் அது.

அந்தத் துப்பாக்கியைச் சுட விரல் எவ்வளவு விசை கொடுக்க வேண்டும்? அந்த அளவை இன்னும் குறைத்தால் என்ன? கூட்டினால் என்ன? திரைப்படத்தில் கதாநாயகன் விரலை லேசாக அசைத்தாலே துப்பாக்கி வெடிக்கிறது. உண்மையில் அந்த “லேசாக” என்பது எத்தனை நியூட்டன் என்று பொறியாளர்களும் காவல்துறைகளும் பல ஆண்டுகளாக விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பாடநூலில் உள்ள நெம்புகோல், சுருள்வில், உராய்வு, நிலைமம் எல்லாமே இந்த விவாதத்துக்குள் வந்துவிடும்.

முதலில் ஒரு சொல் சிக்கல். தமிழில் விரல் இழுக்கும் அந்தப் பாகத்துக்கும் “விசை” என்றுதான் பெயர். நியூட்டனில் அளக்கப்படுவதும் “விசை”தான். ‘விசையை இழுக்கத் தேவையான விசை’ என்று எழுதினால் படிப்பவருக்குத் தலை சுற்றும். அதனால் இந்தக் கட்டுரையில் விரல் தொடும் பாகத்தை டிரிக்கர் என்றே எழுதுகிறேன். விசை என்றால் இயற்பியல் விசை மட்டும்.

எண்களைப் படிப்பதற்கு முன் விரலால் உணர்ந்து பாருங்கள். இந்தியாவுக்குப் பயணம் போகும் வீடுகளில் பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் சிறிய மின்னணுத் தராசு இருக்கும். இல்லையென்றால் முஸ்தஃபா சென்டரில் கிடைக்கும். தராசின் கைப்பிடியை இடது கையால் பிடித்து, அதன் வாரில் வலது கைச் சுட்டுவிரலை மாட்டி மெதுவாக இழுங்கள். திரையில் 0.5 வரும்வரை. பிறகு 1. பிறகு 2.5. பிறகு 5. அரைக் கிலோ ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். இரண்டரைக் கிலோவில் விரல் வேலை செய்வது தெரியும். ஐந்து கிலோவில் விரல் மட்டுமல்ல, மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து இறுகும். அந்த இறுக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

(கிலோ நிறையின் அலகு, விசையின் அலகு நியூட்டன் என்று உங்கள் ஆசிரியர் திருத்துவார். சரிதான். 1 கிலோ எடை என்பது சுமார் 9.8 நியூட்டன். ஆனால் துப்பாக்கிச் சுடும் போட்டிகளின் அனைத்துலக விதிமுறையே டிரிக்கரின் அளவைக் கிராமில்தான் எழுதுகிறது. தேர்வுத்தாளில் மட்டும் நியூட்டன் போடுங்கள்.)

டிரிக்கர் உண்மையில் செய்யும் வேலை மிகச் சிறியது. தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி, அழுத்தப்பட்ட ஒரு சுருள்வில்லின் ஆற்றலோடு காத்திருக்கிறது. அதை முன்னே பாயவிடாமல் ஓர் உலோக விளிம்பு தடுத்துப் பிடித்திருக்கிறது. டிரிக்கர் ஒரு நெம்புகோல். அதை இழுக்கும்போது அந்த விளிம்பு நகர்ந்து விலகுகிறது, ஊசி பாய்கிறது. நீங்கள் இழுக்கும்போது உணரும் கனம் எதனால் வருகிறது? டிரிக்கரைத் திரும்பத் தள்ளும் சுருள்வில், அந்த விளிம்பில் இரண்டு உலோகப் பரப்புகள் உரசும் உராய்வு, நெம்புகோலின் கை நீளங்கள். இந்த மூன்றில் எதை மாற்றினாலும் கனம் மாறும்.

ஆற்றலைக் கணக்கிட்டால் ஆச்சரியமாக இருக்கும். கிளாக் 19 என்ற பிஸ்டலின் டிரிக்கர் நகரும் தூரம் சுமார் 12.5 மில்லிமீட்டர். இழுக்கத் தேவையான விசை சுமார் 25 நியூட்டன். அந்தத் தூரம் முழுவதும் அதே விசை கொடுத்தாலும் விரல் செய்யும் வேலை 25 × 0.0125, அதாவது 0.3 ஜூல்தான். வெளியே வரும் 8 கிராம் தோட்டா வினாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் 490 ஜூல். விரல் கொடுத்ததைப்போல் ஆயிரத்து அறுநூறு மடங்கு. அந்த ஆற்றல் தோட்டாவின் வெடிமருந்தில் ஏற்கெனவே இருந்தது. விரல் கதவைத் திறந்துவிட்டது மட்டுமே. இவ்வளவு பெரிய ஆற்றலுக்கு இவ்வளவு சின்னக் கதவு இருப்பதால்தான், அந்தக் கதவு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது முக்கியமாகிறது.

சிங்கப்பூர்க் காவல்துறையின் முன்னிலை அதிகாரிகள் நீண்ட காலம் டாரஸ் 85 என்ற ரிவால்வரை வைத்திருந்தார்கள். ஐந்து தோட்டாக்கள். அண்மை ஆண்டுகளில் அதன் இடத்துக்குக் கிளாக் 19 பிஸ்டல் வந்திருக்கிறது. அதன் வழக்கமான தோட்டா உறையில் 15 தோட்டாக்கள் இருக்கும். செய்திகளில் பெரும்பாலும் தோட்டாக்களின் எண்ணிக்கைதான் பேசப்படும். எனக்கு அதைவிடச் சுவையான மாற்றம் டிரிக்கரில் இருக்கிறது.

ரிவால்வரின் டிரிக்கரை நேரடியாக இழுக்கும்போது விரல் மூன்று வேலைகளைச் செய்கிறது. தோட்டாக்கள் உள்ள உருளையைச் சுழற்றுகிறது. சுத்தியலைப் பின்னால் இழுத்துச் சுருள்வில்லை அழுத்துகிறது. கடைசியில் அதை விடுவிக்கிறது. அதனால் இந்த வகை ரிவால்வர்களின் டிரிக்கர் கனம் பொதுவாக ஐந்து கிலோவை ஒட்டி இருக்கும். கிளாக்கில் அந்த வேலையில் ஒரு பகுதியை இயந்திரமே முன்கூட்டிச் செய்துவிடுகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் மேற்பகுதி பின்னால் போய் வரும்போது சுருள்வில் பாதி அழுத்தப்பட்டுவிடும். மீதியை விரல் முடிக்கிறது. அதனால் சுமார் இரண்டரைக் கிலோ போதும்.

இப்போது இந்தக் கனத்தைத் துப்பாக்கியின் சொந்த எடையோடு ஒப்பிடுங்கள். ரிவால்வரின் எடை சுமார் 600 கிராம். இழுக்க வேண்டியது ஐந்து கிலோ. தன் எடையைப்போல் எட்டு மடங்கு விசையால் அதை இழுக்கிறோம்! தோட்டாக்கள் நிரப்பிய கிளாக்கின் எடை சுமார் 850 கிராம், மூன்று மடங்கு. போட்டிகளில் பயன்படும் காற்றுப் பிஸ்டலின் எடை சுமார் ஒரு கிலோ. டிரிக்கர் கனம் அரைக் கிலோ. அங்கே இழுவிசை துப்பாக்கியின் எடையில் பாதிதான்.

எட்டு மடங்கு விசை கொடுத்தால் துப்பாக்கி பின்னால் வந்துவிடாதா? வராது. உள்ளங்கை கைப்பிடியை முன்னால் தள்ளுகிறது, விரல் டிரிக்கரைப் பின்னால் இழுக்கிறது, இரண்டும் சமனாகின்றன. ஆனால் இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் மட்டுமே சமநிலை முழுமையாகும். விரல் ஒரு பக்கத்திலிருந்து வளைந்து வருகிறது. குழலுக்குக் கீழே இருக்கிறது. இழுக்கும்போது மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன (தராசில் ஐந்து கிலோ இழுத்தபோது மணிக்கட்டு இறுகியதை நினைத்துப் பாருங்கள்). ஆகவே ஒரு சிறு திருப்பு விளைவு மிஞ்சும். குழலின் முனை கீழேயோ பக்கவாட்டிலோ கொஞ்சம் நகரும்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றுப் பிஸ்டலில் குறிபார்க்கும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி சுமார் 32 சென்டிமீட்டர். இலக்கு 10 மீட்டர் தொலைவில். ஒத்த முக்கோணங்கள் கணக்குத்தான்: 10,000 மில்லிமீட்டரை 320ஆல் வகுத்தால் சுமார் 31. முன் குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் இலக்கில் 31 மில்லிமீட்டர் விலகும். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நடுக்கம் உங்களைப் பத்திலிருந்து ஏழுக்குத் தள்ளிவிடும். இடுப்பில் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி இன்னும் குட்டை. குறிகளுக்கு இடையே 15 சென்டிமீட்டர்தான் என்றால் அதே ஒரு மில்லிமீட்டர் 67 மில்லிமீட்டராகப் பெருகும். எடுத்துச் செல்ல வசதியாக இருக்க வேண்டும் என்று துப்பாக்கியைச் சிறிதாக்கினால், கை செய்யும் பிழை இலக்கில் பெரிதாகிறது.

அப்படியானால் டிரிக்கரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு இலகுவாக்கிவிட வேண்டியதுதானே?

விளையாட்டில் அதைத்தான் செய்கிறார்கள், விதி அனுமதிக்கும் எல்லைவரை. போட்டிப் பிஸ்டலில் டிரிக்கரின் கனம், நகரும் தூரம், விரலுக்கு ஏற்ற நிலை எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளச் சிறு திருகுகள் உண்டு. 10 மீட்டர் காற்றுப் பிஸ்டலுக்குக் குறைந்தபட்சக் கனம் 500 கிராம். 25 மீட்டர் பிஸ்டல் போட்டிக்கு 1,000 கிராம். சோதிக்கும் முறை எளிமையானது. துப்பாக்கியின் குழலைச் செங்குத்தாக மேல்நோக்கிப் பிடித்து, மேசைமேல் இருக்கும் எடைக்கட்டியை டிரிக்கரில் மாட்டித் தூக்குவார்கள். டிரிக்கர் விடுபடாமல் எடை மேலே எழுந்தால் தேர்ச்சி. மின்னணுக் கருவியெல்லாம் வேண்டாம், புவியீர்ப்பு ஏமாற்றாது. 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுகளில் சிங்கப்பூரின் தியோ ஷுன் ஸீ தங்கம் வென்றது இந்த 10 மீட்டர் காற்றுப் பிஸ்டல் போட்டியில்தான். வெள்ளி வென்ற இந்தியாவின் மலைக்கா கோயலுக்கு அப்போது வயது 16. உங்களில் பலரின் வயது.

உராய்வையே ஒழித்துவிடலாம் என்று சில போட்டித் துப்பாக்கிகளில் மின்னணு டிரிக்கர் வைத்தார்கள். விரல் ஒரு மின்சுற்றை இயக்கும். மீதியை மின்சாரம் பார்த்துக்கொள்ளும். இழுவை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் 2021ல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில், தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் துப்பாக்கி பழுதடைந்தது. பழுது பார்க்கும்வரை கடிகாரம் நிற்கவில்லை. மீதியை அவசரமாகச் சுட்டு 575 புள்ளிகளுடன் 12ஆம் இடத்தில் முடித்தார். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான். மூன்று ஆண்டுகள் கழித்து பாரிசில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார். விளையாட்டில் துப்பாக்கி பழுதானால் போவது ஒரு பதக்கம். தெருவில் ஓர் அதிகாரியின் துப்பாக்கி பழுதானால்? அதனால்தான் காவல்துறைகள் இன்னமும் சுருள்வில்லையும் இரும்பையும் நம்புகின்றன.

சரி, மின்சாரம் வேண்டாம். 500 கிராம் டிரிக்கரை மட்டுமாவது அதிகாரியின் துப்பாக்கியில் வைக்கலாமா? இதற்குப் பதில் துப்பாக்கியில் இல்லை, மனித உடம்பில் இருக்கிறது. மீண்டும் தராசை எடுங்கள். இந்த முறை நண்பரைத் தராசைப் பிடிக்கச் சொல்லுங்கள். வலது கைச் சுட்டுவிரலை வாரில் தளர்வாக மாட்டிவிட்டு, இடது கையால் ஒரு ரப்பர் பந்தை முழு பலத்தோடு ஒரே நொடியில் நசுக்குங்கள். பலருக்கு வலது விரலும் தானாகவே இழுக்கும். திரையில் எண் துள்ளும். ஒரு கை இறுகும்போது மறு கையும் கொஞ்சம் இறுகுவது நம் நரம்பு மண்டலத்தின் இயல்பு. திடுக்கிடும்போதும் கால் இடறும்போதும் இதேபோல் கை தன்னிச்சையாக மூடிக்கொள்ளும். ஓர் அதிகாரி இடது கையால் ஒருவரைப் பிடித்து இழுக்கும்போது, வலது கையில் 500 கிராம் டிரிக்கர் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பயத்தை மட்டும் பார்த்து எதிர்ப்பக்கம் ஓடியது நியூயார்க் காவல்துறை. 1993ல் ரிவால்வரிலிருந்து பிஸ்டலுக்கு மாறியபோது, பழக்கப்பட்ட கனம் வேண்டும் என்று டிரிக்கரைச் சுமார் 5.4 கிலோவுக்கு ஏற்றிக் கேட்டு வாங்கியது. தற்செயலாகச் சுடுவதைத் தடுக்க அது ஒரு வழி. ஆனால் மேலே பார்த்த கணக்கு விடாது அல்லவா? 2012 ஆகஸ்ட் 24ஆம் தேதி எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால், ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு வந்த ஆடவரை நோக்கி இரண்டு காவலர்கள் 16 முறை சுட்டார்கள். காயமடைந்த வழிப்போக்கர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் பட்டது காவலர்களின் தோட்டாக்கள் அல்லது அவற்றின் சிதறல்கள். டிரிக்கர்தான் காரணம் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வது அறிவியல் ஆகாது. பயிற்சி, பதற்றம், நெரிசல் எல்லாமே அங்கே இருந்தன. ஆனாலும் கனமான டிரிக்கர் குறியைக் கெடுக்கிறது என்ற விவாதம் அதன்பின் பெரிதானது. பிற்காலத்தில் புதிதாகச் சேரும் காவலர்களுக்கு அங்கேயும் இலகுவான டிரிக்கர் கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஆக, கனம் கூடினால் வேண்டாத சூடு குறையும், வேண்டிய சூடு தவறும். கனம் குறைந்தால் நேர் எதிர். இரண்டு பிழைகளையும் ஒரே திருகால் குறைக்க முடியாது. கிளாக் போன்ற துப்பாக்கிகளின் வடிவமைப்பாளர்கள் செய்த புத்திசாலித்தனம், எல்லாப் பாதுகாப்பையும் கனத்தின் தலையில் ஏற்றாததுதான். டிரிக்கரின் முகப்பிலேயே ஒரு குட்டி நெம்புகோல் இருக்கிறது. விரல் நேராக வைத்து அழுத்தினால்தான் அது உள்ளே போகும். போனால்தான் டிரிக்கர் நகரும். ஓரத்தில் ஏதாவது உரசினால் நகராது. உள்ளே இன்னொரு சிறு தடை, டிரிக்கர் பின்னால் வரும்வரை ஊசியை மறித்து நிற்கிறது.

கீழே விழுந்தால் வெடிக்காமல் இருப்பதற்கும் இவை உதவுகின்றன. விழுந்த துப்பாக்கி தரையில் பட்டுச் சட்டென்று நிற்கும். உள்ளே இருக்கும் டிரிக்கரோ நிலைமத்தால் தொடர்ந்து நகரப் பார்க்கும். பேருந்து ஓட்டுநர் பிரேக் போட்டால் நீங்கள் முன்னால் சாய்வதைப்போலத்தான். டிரிக்கர் கனமான உலோகத் துண்டாக இருந்தால் யாரும் தொடாமலே தன்னைத் தானே இழுத்துக்கொள்ளக்கூடும். 2017ல் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டல் சில கோணங்களில் விழும்போது வெடிக்கிறது என்று தெரியவந்து, அந்த நிறுவனம் தானாக முன்வந்து பாகங்களை மாற்றிக் கொடுத்தது. மாற்றங்களில் ஒன்று, டிரிக்கரின் நிறையைக் குறைத்தது. சுருள்வில்லைக் கடினமாக்கவில்லை, நிலைமத்தைக் குறைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

ஒரு காவல்துறை தன் அதிகாரிகளுக்குப் பிஸ்டல் தேர்ந்தெடுக்கும்போது டிரிக்கரோடு வேறு சிலவும் சேரும். எல்லார் கையும் ஒரே அளவில்லை. சிறிய கையுள்ளவரின் விரல் நுனி டிரிக்கரின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால், முன்பு சொன்ன திருப்பு விளைவு கூடிவிடும். கிளாக்கின் புதிய வகைகளில் கைப்பிடியின் பின்புறத் தகட்டை மாற்றி அளவைச் சரிசெய்யலாம். உறை டிரிக்கரை முழுவதும் மூடியிருக்க வேண்டும். பின்னாலிருந்து யாரும் உருவ முடியாதபடி பூட்டிக்கொள்ளவும் வேண்டும். பயிற்சியில் முதலில் கற்பிப்பது, சுட முடிவெடுக்கும்வரை சுட்டுவிரல் டிரிக்கரில் இல்லாமல் துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டியிருக்க வேண்டும் என்பது. விரல் அங்கே இருந்தால் கை திடுக்கிட்டு மூடினாலும் இழுக்க எதுவும் இல்லை.

2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு, ஃபேரர் பார்க்கிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ரேஸ் கோர்ஸ் சாலையில் கலவரம் மூண்டது. காவல்துறை வாகனங்கள் கவிழ்க்கப்பட்டன, தீ வைக்கப்பட்டது. ஆயுதம் தாங்கிய அதிகாரிகள் அங்கே இருந்தார்கள். அன்று அவர்கள் ஒரு தோட்டாவும் சுடவில்லை. அந்த நெரிசலில் ஒரே ஒரு விரல் தவறி இறுகியிருந்தால் தோட்டா யார்மீது பாய்ந்திருக்கும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இதைப் படித்துவிட்டு இணையத்தில் பொம்மைத் துப்பாக்கியைத் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. உண்மைத் துப்பாக்கி மட்டுமல்ல, பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியைக்கூட உரிமமின்றி சிங்கப்பூருக்குள் வரவழைப்பது குற்றம். பார்சல் உங்கள் பெயரில் வந்தால் கேள்வியும் உங்களிடம்தான் வரும். சுடும் கலையில் உண்மையிலேயே ஆர்வமென்றால், பல உயர்நிலைப் பள்ளிகளில் அது இணைப்பாட நடவடிக்கையாக இருக்கிறது. துப்பாக்கி வீட்டுக்கு வராது. சுடுதளத்தின் ஆயுதக் கிடங்கிலேயே இருக்கும்.

கடைசியாக, தராசை உள்ளே வைப்பதற்கு முன் ஒரு வரைபடம். கிடை அச்சில் டிரிக்கர் நகர்ந்த தூரம், செங்குத்து அச்சில் விசை. ரிவால்வருக்கு நீண்டு உயர்ந்த ஒரு மேடு வரும். கிளாக்குக்கு முதலில் தாழ்வான சமதளம், பிறகு சட்டென்று ஒரு சுவர். போட்டிப் பிஸ்டலுக்கு இரண்டு படிகள்: முதல் படி விரலுக்குத் தகவல் சொல்ல, இரண்டாவது சுட. மூன்றையும் ஒரே தாளில் வரைந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே உள்ள பரப்பைக் கட்டங்களை எண்ணிக் கணக்கிடுங்கள். அந்தப் பரப்பின் அலகு ஜூல்.